குதிகாலால் நிலம் பார்ப்பவர்

வேலிக்கு உள்ளே, ஈரப் புல்லின் நடுவில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறார். இடது கால் முழங்காலில் மடங்கி மேலே இருக்கிறது. உடம்பின் எடை முழுவதும் வலது குதிகாலில். கைகள் இரண்டும் விரிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இருபது வரை எண்ணுகிறார். உதடு அசைவதில் தெரிகிறது. எண்ணி முடித்ததும் காலை எடுத்துவிட்டுக் குனிந்து, குதிகால் பதித்த குழியை, டாக்டர் தொண்டைக்குள் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார். குழியின் அடியில் தண்ணீர் ஊறி வருகிறது. அது மூன்று எண்ணுவதற்குள் ஊறுகிறதா, பத்து எண்ணும்போது ஊறுகிறதா, ஊறாமலே இருக்கிறதா என்பதுதான் விஷயம். இன்றைக்கு மூன்று. "ம்ஹூம்" என்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் தீர்ப்பைச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

மற்றவர்கள் ஒற்றைக் காலில் நிற்பது பிடிவாதத்தால். இவர் நிற்பது ஒரு மாட்டின் சார்பாக. மனிதன் பாதத்தைப் பரப்பி வைத்து நடக்கிறான், அதனால் நிலம் அவனிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது. மாட்டின் கனம் முழுவதும் நான்கு சின்னக் குளம்புகளில் இறங்குகிறது, அதனிடம்தான் நிலம் தன் சுயரூபத்தைக் காட்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. "மனுஷன் காலுக்கு நிலம் பொய் சொல்லும். குளம்புக்குச் சொல்லாது" என்பார். ஆகவே தினமும் காலையில் பதினெட்டு இடங்களில் அவர் கால்வாசி மாடாக மாறுகிறார். மீதி முக்கால்வாசிக்கு வேலை இல்லாததால் அது சும்மா கூட வருகிறது.

வேலிக்குள் இருப்பது பதினொரு வீடுகளுக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். மாடுகள் நாற்பத்து மூன்று. குளிர்காலம் முழுவதும் அவை கொட்டகையில் நின்று காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு, ஜன்னல் வழியாக உலகத்தைப் பழித்துக்கொண்டிருக்கும். இளவேனில் வந்து, புல் எழுந்து, நிலம் குளம்பைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகு ஒருநாள் கேட்டைத் திறப்பார்கள். ஒரு வாரம் முந்தினால் குளம்புகள் நிலத்தைப் பிசைந்துவிடும். வேர் அறுந்து, அந்த வருஷத்துப் புல் அத்தோடு சரி. ஒரு வாரம் பிந்தினால் கொட்டகையில் தீனி தீர்ந்துவிடும். அந்த ஒருநாள் எது என்று சொல்கிற அதிகாரம் இவருடையது. சாவி இவர் கழுத்தில் ஒரு ஷூ லேஸில் தொங்குகிறது. ஊரில் எல்லோருக்கும் இவர் கேட்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வரி ரசீதில் பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்ததில்லை.

இந்தப் பதவிக்கு அவர் வந்த விதம் ஜனநாயகத்தின் மீது நமக்குள்ள நம்பிக்கையை வளர்க்கக்கூடியது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பழைய கேட்டுக்காரர் முட்டிவலி என்று சாவியை மேஜைமேல் வைத்தபோது, கூடியிருந்த பதினொரு குடும்பத் தலைவர்களில் பத்துப் பேர் தரையை ஆராய ஆரம்பித்தார்கள். பதினோராவது ஆள் இவர். தும்மல் வந்ததால் நாகரிகம் கருதி வெளியே போயிருந்தார். மூன்று தும்மல் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் இவரும் சேர்ந்து தட்டினார்.

பிழைப்புக்கு டயர் கடை. டிராக்டர் டயர், டிரெய்லர் டயர், எப்போதாவது ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி. கடைக்குள் ஒரு காற்றடிக்கும் இயந்திரம், டியூபை அமுக்கி ஓட்டை கண்டுபிடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, வாடிக்கையாளர்களுக்கு மூன்று நாற்காலி. மூன்றில் ஒன்றுக்குக் கால் மூன்றுதான்; நாலாவது காலின் இடத்தில் பழைய டயர் ஒன்று முட்டுக் கொடுத்திருக்கிறது. வயல் காய்ந்தால் டிராக்டர் ஓடும், டிராக்டர் ஓடினால் டயர் போகும், டயர் போனால்தான் இவருக்கு வேலை. மழை பெய்தால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு இவர் கடையில் வந்து உட்காரும். ஆகவே நிலம் சீக்கிரம் காய வேண்டும் என்று இவரைவிட ஆசைப்பட வேண்டியவர் ஊரில் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்துத்தான் ஈரம் அளக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இளவேனிலைப் பற்றிப் பூ, தென்றல் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வருஷம் குளிர் போகிற மாதிரி போய், வாசலில் செருப்பை விட்டுவிட்டதாக ஞாபகம் வந்து திரும்பி வந்துவிட்டது. முதலில் ஒரு வாரம் நல்ல வெயில். அந்த வெயிலை நம்பி, தெற்குத் தெருவில் இருக்கும் ஒருவர் பீன்ஸ் விதைத்தார். ஒவ்வொரு வருஷமும் முதல் வெயிலிலேயே விதைக்கிறவர் அவர். முந்திரிக்கொட்டை என்றால்தான் ஊரில் தெரியும். எட்டாம் நாள் மழை பிடித்தது. மூன்று வாரம். விதை மண்ணுக்குள் ஊறி, உப்பி, முளைப்பதா அழுகுவதா என்று யோசித்து, அழுகுவதென்று முடிவு செய்தது. தாழ்ந்த வயல்களில் கோதுமை முழங்கால் தண்ணீரில் நின்று, காமாலை வந்த மாதிரி மஞ்சளாகிவிட்டது. நட வேண்டிய விதை உருளைக்கிழங்கு பெட்டிக்குள்ளேயே முளைவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளிச்சம் பார்க்க வந்துகொண்டிருக்கிறது. உழவு இல்லை, நடவு இல்லை. கடையில் நாலு பேர் நாலு போனை வைத்துக்கொண்டு வானிலை பார்ப்பார்கள். நாலு போனும் நாலு வெவ்வேறு நாளில் மழை விடும் என்று சொல்லும். நாளைக்கே விடும் என்று எதுவும் சொல்லாது.

யாரும் கேட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்பதில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. "குதிகால் என்ன சொல்லுது?" என்பார்கள், வீட்டில் பெரியவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில். "மூணு" என்பார் இவர். நேற்றும் மூணு, முந்தாநாளும் மூணு. ஒரு பெருமூச்சு எழும்பி, நாற்காலிக்கு நாற்காலி மாறி, வாசல் வழியாக வெளியே போகும்.

இத்தனை கண்டிப்பான மனிதர் ஒரு காலத்தில் கண்டிப்பில்லாதவராகவும் இருந்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்பு நடந்ததை ஊரில் 'சேத்து வருஷம்' என்கிறார்கள். அப்போதெல்லாம் குதிகால் சோதனை கிடையாது. பழைய கேட்டுக்காரர் கற்றுக்கொடுத்த முறைதான். ரப்பர் பூட்சில், கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தள்ளி, வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. புல்லுக்குள் போய் நிற்க வேண்டியது. புல் நுனி கோட்டைத் தொட்டால் கேட் திறக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய கருவி. உலகத்தில் இதைவிட எளிமையான அளவுகோல் இருக்க முடியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷமும் இளவேனிலில் விடாத மழை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் கேட்டுக்காரருக்கு வெளி வேலை அதிகமில்லை. அடுப்பங்கரையில்தான் அதிக நேரம். இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. அந்த உடம்போடு ஒருநாள் மேய்ச்சல் நிலத்தில் போய் நின்று குனிந்து பார்த்தார். புல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. போன வருஷத்தைவிட ஒன்பது நாள் முன்னதாகவே. இயற்கையின் கருணை என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார். நாற்பது மாடு ஒரே ஓட்டமாக உள்ளே போயின. சாயங்காலம் அவற்றைத் திரும்ப ஓட்டி வந்தபோது, தாழ்வான பக்கத்துப் பாதி நிலம் பிசைந்த மாவாகக் கிடந்தது. பச்சை என்று ஒன்று அங்கே இருந்ததாகச் சாட்சி சொல்லக்கூட ஒரு தழை மிஞ்சவில்லை. அந்தப் பாதியில் புல் திரும்ப எழும்ப இலையுதிர்காலம் ஆயிற்று. கோடை முழுவதும் பதினொரு வீடும், குளிருக்கு வைத்திருக்க வேண்டிய புல்லை மாட்டுக்குப் போட்டன.

என்ன தப்பு நடந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. கோடு சரி, பூட்ஸ் சரி, பார்த்த கண் சரி. மர்மத்தை விடுவித்தது அவர் மனைவி. கொல்லைக் குழாயடியில் பூட்சைக் கழுவ எடுத்தவர், சேறு எது வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். புருஷனைப் பார்த்தார். திரும்பவும் பூட்சைப் பார்த்தார்.

"புல்லு வளரலீங்க" என்றார். "நீங்கதான் இறங்கியிருக்கீங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த உண்மையைக் குழாயடியிலேயே புதைத்திருப்பார்கள். மழை மேல் பழியைப் போட்டிருக்கலாம், போட இடமும் இருந்தது. இவர் அந்தப் பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறு ஏறிய இடத்தில் விரலை வைத்தபடி, பத்து வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தான் எவ்வளவு இறங்கினார், புல் எவ்வளவு ஏறியது போலத் தெரிந்தது என்று விளக்கினார். நாலாவது வீட்டில் சிரித்துவிட்டார்கள். ஏழாவது வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். பத்துக் குடும்பத் தலைவர்களும் மறுபடி தரையை ஆராய ஆரம்பித்ததால் அது நடக்கவில்லை. அன்றைக்கு வந்ததுதான் குதிகால் சட்டம். பூட்சில் இருந்த கோட்டை அவரே சுரண்டி எடுத்துவிட்டார். அதன் பிறகு ஐந்து வருஷம், எந்த வெயிலுக்கும் எந்தக் கெஞ்சலுக்கும் ஒருநாள் முந்தியதில்லை. அவர் திறந்த நாளில் நிலத்தில் குளம்புத் தடம் தாம்பாளத்தில் விழுந்த நகக்கீறல் அளவுதான் இருக்கும் என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் அவருடைய எதிரிகள், ஆகவே நம்பலாம்.

இந்த வருஷச் சோதனை அவர் தங்கை வடிவத்தில் வந்தது.

தங்கை மேற்குக் கடைசி வீடு. ஐந்து மாடு. கணவர் லாரி ஓட்டுகிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, தூங்கி எழுந்து, போய்விடுவார். மாடு, பால், கொட்டகை, கணவரின் தூக்கம் எல்லாம் அந்த அம்மாள் பொறுப்பு. குளிர்காலத்துக் காற்றில் கொட்டகையின் கூரைத் தகடு இரண்டு பறந்துவிட்டது. அதைக் கவனிப்பதற்குள் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, அடுக்கி வைத்திருந்த புல் கட்டுகளில் பாதி பூசணம் பிடித்துக் கறுத்துப்போனது. கறவை மாட்டுக்கு அதைக் கொடுக்க முடியாது. மிச்சமிருந்த பாதியை அளந்து அளந்து போட்டு இந்த மாதம் வரை ஓட்டியாயிற்று. இந்த நேரம் பார்த்து, செவலைப் பசு கன்று போட்டது. ஐந்தில் அதுதான் நல்ல கறவை, நல்ல குணம். கன்று போட்ட மாட்டுக்கு இரண்டு பங்கு தீனி வேண்டும். கொட்டகையில் இருப்பதோ ஒரு பங்குதான், அதுவும் நாலு நாளைக்கு. பால் வற்றத் தொடங்கியது. செவலை தொழுவத்துச் சுவரை நக்க ஆரம்பித்தது. மாட்டு வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து செவலையையும் கன்றையும் ஏற்றிப்போவதாகப் பேச்சு ஆகியிருந்தது.

இந்த விவரம் எதையும் தங்கை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணி வழியாக வந்தது. கேட்டுக்காரர் தன் பரணில் இருந்த கடைசி ஆறு புல் கட்டைப் போன வாரமே அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, 'இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு' என்று சொல்லிவிட்டு வந்தவர். மற்ற வீடுகளில் கேட்கலாமென்றால், இந்த வருஷம் ஒவ்வொரு வீட்டுப் பரணும் இரும்பு அலமாரி மாதிரி ரகசியமாகிவிட்டது.

புதன்கிழமை காலையில், அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே தங்கை வந்து நின்றாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் செவலை. விலா எலும்பைத் தொடாமலே எண்ணலாம். அது கேட்டின் மேல் கம்பியில் தாடையை வைத்து, உள்ளே இருந்த பச்சையைப் பார்த்தது.

"என்னம்மா இது, காலங்காத்தால?"

"நான் ஒண்ணும் கேக்க வரல, அண்ணே. இது பாக்கணும்னு சொல்லிச்சு. கூட்டிட்டு வந்தேன்."

"பாத்தாச்சா?"

"அதுக்கு இன்னும் ஆசை தீரல போல. நீ உன் வேலையைப் பாரு."

கேட்டுக்காரர் வேலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பார்த்த வேலையை, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கவனித்தவர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். வழக்கமான பதினெட்டு இடத்துக்குப் பதிலாக முப்பத்தோரு இடம். கைகளை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கி நின்றார். உடம்பு இலேசாகிவிடும் என்ற எண்ணமோ என்னவோ. ஓர் இடத்தில் இருபது வரை எண்ணுவது வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று முடிந்துவிட்டது. குனிந்து பார்த்தார். தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரில்லாத குழியைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பவும் அதே இடத்துக்குப் பக்கத்தில் குதிகாலை ஊன்றி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு விட்டு, ஒழுங்காக இருபது எண்ணினார். குனிந்தார். மூன்று.

"ம்ஹூம்" என்றார். அன்றைக்கு அது சத்தமாக வரவில்லை.

தங்கை கயிற்றைத் திருப்பினாள். மாடுதான் உடனே திரும்ப ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே டயர் கடையில் கூட்டம். அழைத்தவர் கேட்டுக்காரர். பதினெட்டு வருஷத்தில் அவர் தானாக அழைத்த முதல் கூட்டம் என்பதால், கேட் திறக்கப்போகிறார் என்று நினைத்து எல்லோரும் சீக்கிரமே வந்து, நல்ல நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று கால் நாற்காலி தங்கைக்குக் கிடைத்தது. கேட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, கேட் இப்போதைக்குத் திறக்காது என்று ஆரம்பித்தார். பாதிக் கூட்டம் அங்கேயே எழுந்து போயிருக்கும், மழை பெய்துகொண்டிருந்ததால் போகவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். வடக்கு வேலியோரம் மேடு. வெயில் நேராக விழுகிற இடம், தண்ணீர் வடிந்துவிட்டது, புல்லும் முதலில் எழும்பியிருக்கிறது. மாடு நிற்க இடம் பத்தாது, ஒரு குளம்பு சரிந்தாலும் கீழே சேறுதான். ஆனால் கையால் அறுத்து எடுக்கலாம். தினம் ஒரு மாட்டுக்குப் போதுகிற அளவு கிடைக்கும், தங்கச்சி வீட்டுச் செவலைக்கு அது போதும்.

"மாடு உள்ள போகக் கூடாதுன்னுதான் சட்டம்" என்றார். "அரிவாள் போகக் கூடாதுன்னு இல்ல."

மூன்று வாரமாகக் குதிகால் என்ன சொல்லுது என்று விசாரித்தே அவரை நச்சரித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில் சட்டத்தின் மேல் அபாரமான பக்தி உண்டாகிவிட்டது. பொதுப் புல்லை ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்றார் ஒருவர். இன்றைக்குத் தங்கச்சிக்கு, நாளைக்கு மச்சானுக்கா என்றார் இன்னொருவர். முந்திரிக்கொட்டை தன் பீன்ஸைப் பறிகொடுத்த துக்கத்தை ஒரு கணம் மறந்து எழுந்து நின்றார்.

"அரிவாளுக்குக் கால் கிடையாது, சரி. எடுத்துட்டுப் போறவருக்கு ரெண்டு இருக்கே. அவரு இறங்குனா என்ன ஆகும்னு நாம ஒரு வருஷம் பாத்திருக்கோம்."

கடை முழுக்கச் சிரிப்பு. கேட்டுக்காரரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு தனக்கு வர வேண்டிய பாக்கி என்பது போல. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து, "விடுண்ணே, ஞாயித்துக்கெழமை வண்டி வருது" என்றாள். அப்படி ஒரு செய்தி இருப்பது அப்போதுதான் கடைக்குத் தெரிந்தது. சிரிப்பு பாதியில் நின்று, எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது.

கேட்டுக்காரர் டியூப் ஒன்றைத் தொட்டிக்குள் அமுக்கினார். ஓட்டை இல்லாத டியூப். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட் தொறந்தா என் மாடு ரெண்டும் முதல் பத்து நாள் உள்ள வராது. அந்தப் பத்து நாள் புல்லைத்தான் நான் இப்ப அறுக்கிறேன். யார் பங்கும் இல்ல. என் பங்கு."

இதற்கு ஆட்சேபம் சொல்ல வேண்டிய ஆள் வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். அவர் மனைவி. அந்த இரண்டு மாட்டையும் வளர்க்கிறவர் அவர்தான்; கேட்டுக்காரருக்கு அவற்றோடு உள்ள உறவு, வாலால் அடி வாங்குகிற அளவுதான். இந்த யோசனை அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது என்பதை, தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதிலிருந்து எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

"என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் தலையாட்டிட்டு வந்திருப்பேன்ல" என்றார்.

கேட்டுக்காரர் டியூபை இன்னும் ஆழமாக அமுக்கினார். அம்மாள் தட்டை முந்திரிக்கொட்டையின் மடியில் வைத்தார். பக்கத்தில் வேறு இடம் இல்லை.

"பத்து நாள்ல அந்த மாடு தேறாது. பதினஞ்சுன்னு வெச்சுக்கோங்க. நம்மது ரெண்டும் கறவையில இல்ல. வைக்கோலைத் தின்னுட்டு என்னை முறைக்கட்டும்."

அவ்வளவுதான் கூட்டம். தீர்மானம் நிறைவேறியதாக யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டதே ஓட்டாக எண்ணப்பட்டது. மடியில் தட்டு இருந்ததால் முந்திரிக்கொட்டை எதிர்த்து ஓட்டுப் போட எழுந்திருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை முதல் கேட்டுக்காரர் விடிந்ததும் இரண்டு பலகையோடு போகிறார். மேட்டில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, கைக்கெட்டியதை அறுக்கிறார். பிறகு இரண்டாவது பலகையை முன்னால் போட்டு அதற்கு மாறி, பின்னால் கிடப்பதை எடுத்துக்கொள்கிறார். கனம் பரவுகிறதாம், நிலத்துக்கு நோகாதாம். தன் உடம்பைப் பற்றி அவருக்கு இப்போதெல்லாம் எந்த மயக்கமும் இல்லை. பார்ப்பதற்கு, சொந்த நிலத்தில் அகதியாக ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். வேலியோரம் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். முந்திரிக்கொட்டை இரண்டு நாள் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் அரிவாளைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். அது இவருடையதைவிடக் கூர்மை. விதைப்பு கெட்டுப்போனவர்களிடம் தீட்டிய அரிவாள் சும்மா இருக்கத்தானே செய்யும்.

தங்கை வியாபாரிக்குப் போன் போட்டு இந்த ஞாயிறு வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று அவர் கேட்க, மழை நின்றால் சொல்கிறேன் என்று மழை மேல் பழியைப் போட்டாள். மழை அதை மறுக்கவில்லை. இன்னும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றிலிருந்து ஏறி, குதிகால் இப்போது ஐந்து சொல்கிறது. ஐந்து என்றால் நல்ல சேதி, ஆனால் பத்து அல்ல. கேட்டில் பூட்டுத் தொங்குகிறது.

பால் வாங்கப் போகிறவர்கள் அவரை இப்போது தங்கை வீட்டுக் கொட்டகையில் காலை ஏழு மணிக்குப் பார்க்கலாம். நான் பார்த்தது நேற்று. தோளிலிருந்து புல் கட்டைத் தீவனத் தொட்டியில் இறக்கினார். செவலை தலையை உள்ளே விட்டது விட்டதுதான். மூச்சு விடுகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் தவிர வேறில்லை. கன்று அதன் மடிக்கு அடியில் முட்டி முட்டித் தன் வேலையைப் பார்த்தது. தங்கை பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போ என்றாள். இவர் கடையில் டிராக்டர் நிற்கிறது, ஆள் காத்திருப்பார் என்றார். டிராக்டரும் இல்லை, ஆளும் இல்லை. மழையில் யார் டிராக்டர் எடுக்கிறார்கள். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

தொட்டி காலியாகியிருந்தது. செவலை கழுத்தை நீட்டி அவர் ஸ்வெட்டர் கையை நக்கியது. அறுக்கும்போது கம்பளியில் சிக்கிய புல் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது, முழங்கை வரைக்கும். மாட்டு நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். கம்பளி நூல் நூலாகப் பிரிந்து வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நின்றார். ஒரு பக்கம் சுத்தமானதும், முழங்கையை மெல்லத் திருப்பி, உள்பக்கத்தைக் காட்டினார்.